கேம் மோடுக்கு மாடல் செய்ய எந்த மென்பொருள்? முதலில் ஒரு பெட்டியை அனுப்பிப் பாருங்கள்

கேம் மோடுக்கு (வெளிவந்த கேமில் நாமே சேர்க்கும் மாற்றத்துக்கு) மாடல் செய்யப் புதிதாக இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "பிளெண்டரா, மேக்ஸா, மாயாவா?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. உங்கள் கேம் எந்த ஃபைலைத் திறக்கும்? அந்த ஃபைலை எழுதித் தரும் எக்ஸ்போர்ட்டர் எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் ஓடும்? இவை தெரிந்துவிட்டால் மாடலிங் மென்பொருள் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் மூன்று வாரம் உட்கார்ந்து அழகான வாள் ஒன்றைச் செதுக்கினால், கேமுக்குள் நுழைய வழியில்லாமல் அது ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கும்.

சொந்தமாக கேம் செய்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. யூனிட்டி, அன்ரியல் என்ற கேம் எஞ்சின்கள் இரண்டும் எஃப்பிஎக்ஸ் என்ற பொது 3டி ஃபைலை நேரடியாக வாங்கிக்கொள்ளும். மோட் செய்கிறவர் இன்னொருவர் கட்டி முடித்த வீட்டுக்குள் பொருளைக் கொண்டுபோகிறார். வாசல் எவ்வளவு அகலமோ அதற்குத்தான் பொருள் அடங்க வேண்டும்.

2011இல் வந்த ஸ்கைரிம், 2016இல் வந்த அதன் ஸ்பெஷல் எடிஷன், ஃபால்அவுட் 4 ஆகியவை நிஃப் என்ற மாடல் ஃபைலைக் கேட்பவை. பிளெண்டரிலிருந்து நிஃப் எழுத பைநிஃப்ளை என்ற ஆட்ஆன் (கூடுதல் இணைப்பு) இருக்கிறது. இன்னொரு வழி, மாடலை எஃப்பிஎக்ஸாகவோ ஓபிஜேயாகவோ எடுத்து அவுட்ஃபிட் ஸ்டூடியோ என்ற உடை எடிட்டரில் இறக்குவது. அங்கே மூல உடலின் எலும்பு வெயிட்டை (எந்த எலும்பு எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கை) உடைக்கு நகலெடுத்து, நிஃப்பாகவே சேமிக்கலாம். சட்டை, கவசம் போன்றவற்றுக்கு இந்த இரண்டாவது வழி பல மணி நேர வெயிட் பெயின்டிங்கை மிச்சப்படுத்தும். எந்த வழியில் போனாலும் கடைசித் திருத்தம் நிஃப் ஃபைலைத் திறந்து மாற்றும் நிஃப்ஸ்கோப்பில்தான் நடக்கும்.

ஹாஃப்-லைஃப் 2, கேரிஸ் மோட், லெஃப்ட் 4 டெட் 2 போன்ற சோர்ஸ் எஞ்சின் கேம்களுக்கு வேலை இரண்டு கட்டம். பிளெண்டர் சோர்ஸ் டூல்ஸ் என்ற ஆட்ஆன் எஸ்எம்டி ஃபைல்களை எழுதும். அதன் பிறகு கியூசி என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் மாடலின் பெயர், மெட்டீரியல் ஃபோல்டர், மோதல் மெஷ் (மோதும்போது தடுக்கும் எளிய வடிவம்), அசைவுகள் ஆகியவற்றைக் குறித்து, ஸ்டூடியோஎம்டிஎல் கருவியால் கம்பைல் செய்ய வேண்டும். டெக்ஸ்சருக்கு (மாடலின் பரப்பில் ஒட்டும் படத்துக்கு) விடிஎஃப் ஃபைல், அதை எப்படிக் காட்டுவது என்று சொல்ல விஎம்டி. அசையாத ஒரு நாற்காலிக்குக்கூட கியூசியில் ஒரு அசைவு வரி இல்லாவிட்டால் கம்பைலர் முரண்டுபிடிக்கும்.

2004இன் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸுக்கு டிஎஃப்எஃப் மாடலும் டிஎக்ஸ்டி டெக்ஸ்சரும் வேண்டும். பிளெண்டரில் டிராகன்எஃப்எஃப், டெக்ஸ்சருக்கு மேஜிக் டிஎக்ஸ்டி. ஜிடிஏ 5க்கு பிளெண்டரில் சொல்லம்ஸ் ஆட்ஆன். அந்த கேமுக்கு வண்டி செய்கிறவர்கள் பலர் காசு கொடுத்து இசட்மாடலர் பயன்படுத்துகிறார்கள். ஃபார்மிங் சிமுலேட்டர் செய்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: கேமை எழுதிய நிறுவனமே பிளெண்டர், மாயா, மேக்ஸ் மூன்றுக்கும் ஐ3டி எக்ஸ்போர்ட்டரும் தனி எடிட்டரும் தருகிறது. அங்கே மட்டும் "எது உங்களுக்குக் கைப்பழக்கமோ அது" என்று தயங்காமல் சொல்லலாம்.

மைன்கிராஃப்டுக்கு பிளெண்டர் தேவையே இல்லை. பிளாக்பெஞ்ச் இலவசம், திறந்த மூலம், மாடலிங்கும் பெயின்டிங்கும் ஒரே ஜன்னலில். ஒரு பிளாக் என்பது 16 அலகு. ஜாவா பதிப்பின் பிளாக் மாடலில் கனப்பெட்டிகள் −16 முதல் 32 வரைக்குள் அடங்க வேண்டும். சாய்வுக் கோணமும் நீண்ட காலம் 22.5 டிகிரிப் படிகளில்தான் அனுமதிக்கப்பட்டது. இந்த விதிகள் பிளாக்பெஞ்சுக்குத் தெரியும், பிளெண்டருக்குத் தெரியாது. "பெரிய மென்பொருள் கற்றால்தான் மதிப்பு" என்று நினைத்து மைன்கிராஃப்ட் மாடலை பிளெண்டரில் தொடங்குவது வீண் அலைச்சல்.

பதிப்பு எண்ணில் விழும் அடி

இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்பது மாடலிங் அல்ல, பதிப்புப் பொருத்தம். பிளெண்டர் ஆட்ஆன்கள் பைத்தானில் எழுதப்பட்டவை. பிளெண்டர் உள்ளே எதையாவது மாற்றினால் ஆட்ஆன் உடையும். 2019இல் 2.80 வந்தபோது அதுவரை இருந்த ஆட்ஆன்கள் கூண்டோடு உடைந்தன. 4.0இல் எலும்பு அடுக்குகள் போய் எலும்புத் தொகுப்புகள் வந்தன. ரிக் (மாடலை அசைக்கும் எலும்புக்கூடு) சம்பந்தப்பட்ட ஆட்ஆன்கள் தடுமாறின. 4.1இல் எந்த விளிம்பு வழவழப்பு, எது கூர்மை என்று கோணத்தை வைத்து முடிவு செய்யும் மெஷ்ஷின் ஆட்டோ ஸ்மூத் அமைப்பையே எடுத்துவிட்டார்கள்; எக்ஸ்போர்ட் செய்யும்போது "அப்படி ஒரு பண்பு இல்லை" என்ற பிழையோடு நின்றுபோன எக்ஸ்போர்ட்டர்கள் பல. புதியவர் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்ததும் தன் மாடலில் குற்றம் தேட ஆரம்பிப்பார். குற்றம் மாடலில் இல்லை.

தீர்வு எளிது. பிளெண்டரை இன்ஸ்டாலர் வழியே போடாமல் ஜிப் ஃபைலாக இறக்கி, பதிப்பு வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் விரித்துவையுங்கள். 3.6, 4.2 போன்ற எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு இரண்டு ஆண்டு வரை பிழைத்திருத்தம் கிடைக்கும் என்பதால் ஆட்ஆன் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அவற்றையே குறிவைக்கிறார்கள். ஆட்ஆனின் குறிப்பில் எந்தப் பதிப்பு எழுதியிருக்கிறதோ அதை அந்த கேமுக்கென்று ஒதுக்கிவிட்டு, திட்டம் முடியும்வரை தொடாதீர்கள். புதிய பதிப்பில் மாடல் செய்து பழைய பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்ய நினைத்தால், பிளெண்ட் ஃபைலை நம்பாமல் இடையில் எஃப்பிஎக்ஸாகவோ ஓபிஜேயாகவோ மாற்றிக் கொண்டுபோங்கள். புதியதில் சேமித்த பிளெண்ட் ஃபைல் பழையதில் திறந்தாலும் சில விஷயங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும்.

3டிஎஸ் மேக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேம்களின் வழிகாட்டிகளில் அது அடிக்கடி வருவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் அந்த கேம்களைச் செய்தவர்களே மேக்ஸில் செய்தார்கள், அவர்கள் வெளியிட்ட கருவிகளும் மேக்ஸுக்கானவை. ஆனால் மேக்ஸின் பிளக்இன்கள் பல, குறிப்பிட்ட பதிப்புக்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை. 2012க்கு எழுதிய பிளக்இன் இன்றைய பதிப்பில் ஏறாது; பழைய மேக்ஸை இன்று சட்டப்படி வாங்குவதும் கடினம். மேக்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது, உங்கள் கேமின் எக்ஸ்போர்ட்டர் உங்கள் பதிப்பிலேயே ஓடுகிறது என்றால் தாராளமாக அதிலேயே இருங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு பிளெண்டரைத் தவிர வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2002இல் மூல நிரல் திறக்கப்பட்டதிலிருந்து அது இலவசம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மோட் உலகின் புதிய எக்ஸ்போர்ட்டர்கள் இப்போது பெரும்பாலும் பிளெண்டருக்குத்தான் எழுதப்படுகின்றன.

பெட்டிச் சோதனை

மென்பொருளை முடிவு செய்யும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி ஒரு பெட்டியை கேம் வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். வாள் வேண்டாம், கவசம் வேண்டாம். 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், 2 மீட்டர் உயரம் கொண்ட வெறும் பெட்டி. நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் உயரம் மட்டும் இரட்டிப்பு. 256×256 டெக்ஸ்சர் ஒன்று: மேல் முகம் சிவப்பு, முன்முகத்தில் பெரிதாக "க" என்ற எழுத்து, பக்கவாட்டில் ஒரு மேல்நோக்கிய அம்பு. எழுத்து ஏன் "க" என்றால், அதைத் தலைகீழாக்கினாலும் கண்ணாடியில் காட்டினாலும் வேறு வேறாகத் தெரியும். "O" வடிவ வட்டம் எதையும் காட்டிக்கொடுக்காது. அதே அளவில் ஒரு நார்மல் மேப் (மேடுபள்ளம் இருப்பதுபோல வெளிச்சத்தை விழவைக்கும் படம்): முழுக்க 128, 128, 255 என்ற நீலம், நடுவில் மேடாகப் பேக் செய்த (கணக்கிட்டுப் படமாகப் பதித்த) ஒரு பொட்டு.

எக்ஸ்போர்ட் செய்து, கேமின் கருவிகளில் ஏற்றி, கேமுக்குள் அதன் முன் போய் நில்லுங்கள். தெரிவதை வைத்து நோயைச் சொல்லிவிடலாம்.

பெட்டி படுத்திருந்தால் அச்சுத் திசை தவறு. பிளெண்டரில் இசட் மேல்நோக்கியது. ஒய் மேல்நோக்கிய இடத்துக்கு அனுப்பும்போது எக்ஸ்போர்ட் ஜன்னலில் அச்சை மாற்ற வேண்டும். எறும்பு அளவிலோ மலை அளவிலோ வந்தால் பெரும்பாலும் அது நூறு மடங்கு வித்தியாசம், எஃப்பிஎக்ஸ் சென்டிமீட்டரில் கணக்குப் போடுவதால் வருவது. கேமின் அலகும் வேறுபடும்: சான் ஆண்ட்ரியாஸில் 1 அலகு 1 மீட்டர்; ஸ்கைரிமில் ஏறக்குறைய 70 அலகு சேர்ந்தால்தான் 1 மீட்டர்; ஹாஃப்-லைஃப் 2இல் ஆட்டக்காரரின் உயரம் 72 அலகு. எக்ஸ்போர்ட்டுக்கு முன் கன்ட்ரோல்-ஏ அழுத்தி சுழற்சியையும் அளவையும் மெஷ்ஷிலேயே பதித்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். பதிக்காத அளவுதான் பாதிக் கேஸ்களில் குற்றவாளி.

"க" தலைகீழாக வந்தால் யூவியின் (படத்தின் எந்தப் பகுதி எந்த முகத்தில் ஒட்டும் என்ற வரைபடத்தின்) வி அச்சு புரண்டிருக்கிறது. சில கருவிகள் படத்தின் கீழ் மூலையிலிருந்தும் சில மேல் மூலையிலிருந்தும் எண்ணுவதன் விளைவு இது. "க" கண்ணாடியில் பார்ப்பதுபோல வந்தால் எங்கோ மைனஸ் அளவு ஒளிந்திருக்கிறது. பெட்டியின் உட்சுவர் தெரிந்து வெளிச்சுவர் மறைந்தால் முகங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. பிளெண்டரில் ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டால் உள்முகம் சிவப்பாகத் தெரியும், ஷிஃப்ட்-என் சரிசெய்துவிடும். ஊதா நிறமாக வந்தால் டெக்ஸ்சர் பாதை தவறு. சோர்ஸ் எஞ்சினில் இதுவே ஊதா-கறுப்புக் கட்டங்களாக வரும். ஸ்கைரிமில் இதற்கு அடிக்கடி நேரும் காரணம் ஒன்று: நிஃப்புக்குள் உங்கள் கணினியின் முழுப் பாதையும் பதிந்திருக்கும். உங்களிடம் சரியாகத் தெரியும், இறக்கிப் போடுகிறவர்கள் எல்லாரிடமும் ஊதாவாகத் தெரியும். பாதை டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

நடுப்பொட்டு மேடாகத் தெரிய வேண்டும். குழியாகத் தெரிந்தால் பச்சைச் சேனல் புரண்டிருக்கிறது; அதைப் பற்றிக் கீழே.

இந்தப் பெட்டி தேறிவிட்டால், அதையே கையெலும்பில் ஒட்டி இன்னொரு தடவை அனுப்புங்கள். ரிக் சரியாகப் போகிறதா என்று அதில் தெரிந்துவிடும். ஸ்கைரிமில் ஒரு வெர்டெக்ஸுக்கு (மெஷ்ஷின் மூலைப் புள்ளிக்கு) 4 எலும்பு வரைதான். பிளெண்டரின் வெயிட்ஸ் மெனுவில் லிமிட் டோட்டலை 4க்கு வைத்து, பின் நார்மலைஸ் ஆல் செய்யாவிட்டால், எக்ஸ்போர்ட்டர் தன் இஷ்டத்துக்கு வெட்டும்; முழங்கையில் துணி கூராகக் குத்திக்கொண்டு நிற்கும்.

மாடலிங் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோடுக்குத் தேவையான அளவு எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் வெர்டெக்ஸ் எண்ணிக்கையும் கேம் எண்ணும் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரு கனசதுரத்துக்கு பிளெண்டரில் 8 வெர்டெக்ஸ். ஒவ்வொரு மூலையிலும் மூன்று முகங்கள் மூன்று திசை நார்மலோடு (முகம் பார்க்கும் திசையோடு) சந்திப்பதால், கூர்விளிம்போடு எக்ஸ்போர்ட் ஆகும்போது 8 மூன்று மடங்காகப் பெருகி 24 ஆகும். யூவி தையல் (விரிப்பதற்காக வெட்டும் கோடு) வரும் இடங்களிலும் இதே கதை. 16 பிட் எண் பயன்படுத்தும் பழைய ஃபார்மேட்டுகளில் ஒரு மெஷ்ஷுக்கு 65,535 வெர்டெக்ஸ்தான் உச்சம். பிளெண்டரில் 40,000 காட்டும் கவசம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட நிறைய வாய்ப்பு உண்டு. கூர்விளிம்பு வேண்டிய இடத்திலேயே யூவி தையலையும் வைத்தால் இரண்டு பிளவும் ஒன்றாகவே முடிந்துவிடும், நார்மல் பேக்கும் சுத்தமாக வரும்.

பேக் செய்யும் முன் முக்கோணமாக்குவதையும் மறக்காதீர்கள். நாற்கரத்தை பிளெண்டர் ஒரு மூலைவிட்டத்திலும் டெக்ஸ்சர் மென்பொருள் இன்னொரு மூலைவிட்டத்திலும் வெட்டினால், நார்மல் மேப் ஒரு வடிவத்துக்குப் பேக் ஆகி இன்னொரு வடிவத்தின் மேல் உட்காரும். வளைந்த பரப்பில் எக்ஸ் வடிவத்தில் நிழல் தெரிவது இதனால்தான்.

டெக்ஸ்சர்: அழகாகக் காட்டும் மென்பொருள் கேமில் ஏமாற்றும் இடம்

டெக்ஸ்சர் வரையும் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் இந்தத் துறையின் முதன்மைக் கருவி என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 2019இல் அதைச் செய்த அல்லகோரிதமிக்கை அடோபி வாங்கிய பிறகு மாதச் சந்தா முக்கிய வழியானது. ஸ்டீமில் ஆண்டுப் பதிப்பாக ஒரே தடவை வாங்கும் வழியும் உண்டு. ஆம்பியன்ட் அக்லூஷன் (இடுக்கு நிழல்), கர்வேச்சர் (விளிம்பு வளைவு), பொசிஷன் (இட நிலை) போன்ற மேப்புகளைப் பேக் செய்துகொண்டு, விளிம்பில் தேய்மானம், இடுக்கில் அழுக்கு என்று தானாகவே இடம் கண்டுபிடிக்கும். தூரிகைக் கோடுகளைக் கணக்காக வைத்திருப்பதால் 1024இல் வேலை செய்து 4096இல் எக்ஸ்போர்ட் செய்யலாம். சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் பெயின்டர் பிபிஆர் (வெளிச்சத்தை இயற்பியல்படி கணக்கிடும் முறை) உலகத்தில் பிறந்தது. உங்கள் கேம் அதற்கு முந்தையது என்றால், திரையில் பார்த்து மயங்கிய பொருள் கேமில் வேறாக வரும். ஸ்கைரிமுக்கு ஓர் எஃகு வாள் செய்வதாக வைத்துக்கொள்வோம். பிபிஆரில் எஃகின் அடிநிறம் 0 முதல் 255 வரையிலான அளவில் 180க்கு மேல் இருக்கும் வெளிர் சாம்பல். அதை எஃகாகக் காட்டுவது சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. மோட் எதுவும் போடாத ஸ்கைரிமுக்கு மெட்டாலிக் மேப் என்று ஒன்று தெரியாது. அது அடிநிறத்தை அப்படியே டிஃப்யூஸாக (வெறும் பரப்பு நிறமாக) எடுத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தைப் பூசும். வாள் சாம்பல் அட்டையில் வெட்டியதுபோல நிற்கும். "ரஃப்னஸை (சொரசொரப்பை) குறைத்தால் சரியாகும்" என்று பலர் அதையே திருகிக்கொண்டிருப்பார்கள். அந்த மேப்பை கேம் படிப்பதே இல்லை.

செய்ய வேண்டியது இது. உலோகப் பகுதியின் டிஃப்யூஸை நன்றாக இருட்டாக்குங்கள். ஆம்பியன்ட் அக்லூஷனை மல்டிப்ளையாகவும், கர்வேச்சரை மென்மையாக ஓவர்லேயாகவும் டிஃப்யூஸுக்குள்ளேயே கலந்துவிடுங்கள்; வாளின் முனைக்கோடு வெளிச்சம் பிடிப்பது அப்போதுதான் தெரியும். பெயின்டரிலேயே பேக்டு லைட்டிங் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதை மேலடுக்கில் குறைந்த ஒபாசிட்டியில் வைத்தால் வெளிச்சத்தின் சாயல் டெக்ஸ்சரில் பதியும். முழு அளவில் வைக்காதீர்கள், வாளைத் திருப்பும்போது வெளிச்சம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரஃப்னஸைத் தலைகீழாக்கினால் பளபளப்பு மேப். அது நார்மல் மேப்பின் ஆல்ஃபா சேனலுக்குள் (சிவப்பு, பச்சை, நீலத்தோடு வரும் நான்காவது சேனலுக்குள்) போக வேண்டும். மீதி உலோகத்தன்மையை நிஃப்ஸ்கோப்பில் சுற்றுப்புறப் பிரதிபலிப்பைக் காட்டும் என்விரான்மென்ட் மேப் ஷேடரும் அதன் மாஸ்க்கும் தரும். பெயின்டரின் அவுட்புட் டெம்ப்ளேட்டில் டிஃப்யூஸ், குளோஸினஸ், டைரக்ட்எக்ஸ் நார்மல் எல்லாம் மாற்று மேப்புகளாகவே கிடைக்கின்றன. ஒரு தடவை கேமுக்கேற்ற டெம்ப்ளேட்டை அமைத்துவிட்டால் அடுத்த ஐம்பது மாடலுக்கும் அதுவே போதும்.

பெயின்டர் வாங்க முடியாதவர்கள் முடங்கிப்போக வேண்டியதில்லை. பிளெண்டரின் டெக்ஸ்சர் பெயின்டில் அடுக்குகள் இல்லை என்பதுதான் குறை. யூகுபெயின்ட் என்ற இலவச ஆட்ஆன் அந்தக் குறையை நன்றாகவே தீர்க்கிறது. மெட்டீரியல் மேக்கர் இலவசம். மரம், கல், துணி போன்ற திரும்பத் திரும்ப வரும் பரப்புகளை நோட் வழியே செய்ய ஏற்றது. ஆர்மர்பெயின்டின் மூல நிரல் திறந்தது. ஓடத் தயாரான வடிவத்துக்குத்தான் காசு. கையால் வரைந்த பாணி கேமுக்கு கிரிட்டாவின் தூரிகைகளே போதும், அங்கே பெயின்டரின் தானியங்கி தேய்மானம் இடைஞ்சல்தான். மூலப் படங்களுக்கு பாலிஹேவன், ஆம்பியன்ட்சிஜி இரண்டும் சிசி0 (கட்டுப்பாடு இல்லாத) உரிமத்தில் தருகின்றன. மோடோடு சேர்த்து வெளியிட எந்தத் தடையும் இல்லை. பிளெண்டரில் வரைகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிளெண்ட் ஃபைலைச் சேமித்தால் வரைந்த படமும் சேமிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. இமேஜ் எடிட்டரில் இமேஜ் மெனுவின் பெயர் அருகே நட்சத்திரக் குறி இருக்கும்வரை அந்தப் படம் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

பச்சைச் சேனலுக்கு வருவோம். நார்மல் மேப்பில் மேல்-கீழ்ச் சாய்வைச் சொல்வது பச்சை. பிளெண்டரும் யூனிட்டியும் ஓபன்ஜிஎல் முறையில் படிக்கும். அன்ரியல், ஸ்கைரிம், சோர்ஸ் எஞ்சின் டைரக்ட்எக்ஸ் முறையில், அதாவது பச்சை தலைகீழாக. பிளெண்டரில் பேக் செய்யும்போதே நார்மல் அமைப்பில் ஜி என்பதை பிளஸ் ஒய்யிலிருந்து மைனஸ் ஒய்க்கு மாற்றலாம். பெயின்டரில் புதிய ப்ராஜெக்ட் திறக்கும்போதே இந்தக் கேள்வி வரும். இரண்டு இடத்திலும் மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும், ஆகவே எந்த இடத்தில் மாற்றுகிறீர்கள் என்று முடிவு செய்து அங்கே மட்டும் மாற்றுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழும்போது ஆணித் தலையின் மேல்பக்கம் பிரகாசமாக இருந்தால் சரி.

கடைசிக் கட்டம் பட எடிட்டரும் டிடிஎஸ் (கேம் படிக்கும் சுருக்கிய பட ஃபைல்) ஏற்றுமதியும். மென்பொருள் தேர்வில் யாரும் இதை யோசிப்பதில்லை. கெட்டுப்போகும் இடமோ பெரும்பாலும் இதுதான். ஆல்ஃபா சேனலை ஒளிபுகும் தன்மையாக மட்டுமே பார்க்கும் எடிட்டர், ஆல்ஃபா 0 ஆன இடங்களில் நிறத்தையும் அழித்துவிடும். பளபளப்பு மேப்பை ஆல்ஃபாவில் வைத்திருந்தால் மங்கலான பகுதிகளில் நார்மலே காணாமல்போகும். பிஎன்ஜியில் இந்த ஆபத்து அதிகம். 32 பிட் டிஜிஏவில் ஆல்ஃபா தனிச் சேனலாகவே போகும் என்பதால் இடைநிலை ஃபைலுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிம்பில் செய்வதானால் பளபளப்பைத் தனிச் சாம்பல் அடுக்காக வைத்திருந்து கடைசியில் கம்போஸ் வழியே ஆர்ஜிபிஏவாகச் சேருங்கள். கிரிட்டாவில் ஸ்பிளிட் ஆல்ஃபா என்ற மெனு இதற்கென்றே இருக்கிறது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: ஆல்ஃபாவே இல்லாத நார்மல் மேப்பை ஸ்கைரிமில் போட்டால் எஞ்சின் அதை முழு வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். கம்பளிச் சட்டை மழையில் நனைந்த பிளாஸ்டிக்போல மின்னுவதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

டிடிஎஸ் எழுத பெயின்ட்.நெட் சின்னக் கருவிதான், ஆனால் பிசி7 என்ற சுருக்க வகை வரை எழுதும். கிம்ப் 2.10இலிருந்து டிடிஎஸ் உள்ளேயே உண்டு, இருந்தாலும் பிசி7 எழுத வேண்டும் என்றால் அதை நம்ப வேண்டாம். நூறு படத்தை ஒரே வரியில் மாற்ற மைக்ரோசாஃப்டின் டெக்ஸ்கான்வ். இதற்கு இணையாக இன்னொன்று தேடத் தேவையில்லை. எந்த வகை என்பதும் கேமைப் பொறுத்தது. 2011 ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் 9 காலத்தது, பிசி7 அதற்குப் புரியாது, கேம் ஏற்றும்போதே விழுந்துவிடும். அங்கே டிஎக்ஸ்டி1, டிஎக்ஸ்டி5 என்ற பழைய சுருக்க வகைகள்தான். ஸ்பெஷல் எடிஷனில் பிசி7 தாராளம். நார்மல் மேப்பை டிஎக்ஸ்டி1இல் சுருக்காதீர்கள்: 4×4 கட்டங்களாகச் சுருக்கும்போது சாய்வுகள் படிக்கட்டாகி, வழவழப்பான கன்னத்தில் சதுரங்கள் தெரியும்.

அளவுக் கணக்கு இதோ. 2048×2048 படம் சுருக்காமல் 16 எம்பி, பிசி7இல் 4 எம்பி, டிஎக்ஸ்டி1இல் 2 எம்பி. 4096 என்றால் எல்லாம் நான்கு மடங்கு. மிப்மேப் (தூரத்தில் காட்டுவதற்கான சிறிய நகல்கள்) சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும், அதற்காக மிப்மேப்பை விட்டுவிடாதீர்கள். விட்டால் தூரத்தில் பொருள் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். கையில் பிடிக்கும் வாளுக்கு 2048 போதும், மேசைமேல் கிண்ணத்துக்கு 512. ஒரு கிண்ணத்துக்கு 4096இல் டிஃப்யூஸும் நார்மலும் வைத்தால், பிசி7இல்கூட மிப்மேப்போடு 42 எம்பியைத் தாண்டும். அதைப் போட்டுக்கொள்கிறவரின் கார்டில் வேறு யாருடைய மோடுக்கும் இடம் மிஞ்சாது.

கணினி பழையது என்றால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. பிளெண்டர் 4.0 முதல் விண்டோஸிலும் லினக்ஸிலும் கிராஃபிக்ஸ் கார்டு ஓபன்ஜிஎல் 4.3ஐ ஆதரிக்க வேண்டும், 3.6 வரை 3.3 போதும். கார்டு அதற்கும் கீழே என்றால் 2.79தான், அப்போது அந்தப் பதிப்பில் ஓடும் எக்ஸ்போர்ட்டர் உள்ள கேமைத்தான் தொட முடியும்.

உரிமத்தில் கவனம் வேண்டிய இடம் இரண்டு. மாணவர் உரிமத்தில் வாங்கிய மென்பொருளில் செய்ததைக் காசுக்கு விற்கக் கூடாது. நன்கொடை வாங்கும் எண்ணம் இருந்தாலும் உரிமத்தை முதலில் படியுங்கள். ஒரு கேமிலிருந்து பிரித்தெடுத்த மாடலையோ டெக்ஸ்சரையோ இன்னொரு கேமின் மோடில் வைப்பது பதிப்புரிமை மீறல். எந்த மென்பொருளில் திருத்தினாலும் அது மாறாது.

திட்டம் முடிந்ததும் ஒரு ஃபோல்டரில் இவை எல்லாம் சேரட்டும்: பயன்படுத்திய பிளெண்டர் பதிப்பின் ஜிப், ஆட்ஆனின் ஜிப், பிளெண்ட் ஃபைல், முக்கோணமாக்கும் முன் இருந்த மெஷ், பெயின்டர் ஃபைல் அல்லது அடுக்கோடு உள்ள பட ஃபைல், அவுட்புட் டெம்ப்ளேட், டிஜிஏ படங்கள், அளவும் அச்சும் எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அந்தச் சோதனைப் பெட்டி. டிடிஎஸ்ஸிலிருந்து மறுபடி திருத்த முயன்றால் ஒவ்வொரு தடவையும் தரம் இறங்கும். கேம் புதுப்பிப்பு வந்து மோட் உடையும்போது திரும்பத் தேவைப்படுவது இந்த ஃபோல்டர். அப்போதும் முதலில் கேமுக்குள் அனுப்ப வேண்டியது பெட்டியைத்தான், வாளை அல்ல.